ஒன்றரை மடங்கு: கட்டணமும் காரணமும்

சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் தமிழக அரசு நிர்ணயித்த கட்டணம் இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. இந்த இரவுக் கட்டணத்தை எதிர்த்து எவரும் கொடி பிடித்ததாக நினைவில்லை. 2020 நவம்பரில் வாடகை வாகனச் செயலிகளுக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளும், தேவை கூடும் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றன. அதற்கு மட்டும் மக்கள் வைத்த பெயர் ‘கொள்ளை’. மடங்கு ஒன்றாக இருக்க, கோபம் ஏன் ஒரு பக்கம் மட்டும்?

டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் மக்களிடம் கருத்துக் கேட்டு 1986-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விடை உண்டு. பனிப்புயலுக்கு மறுநாள் 15 டாலர் மண்வாரியை 20 டாலருக்கு விற்பது நியாயமல்ல என்றவர்கள் 82 விழுக்காட்டினர். ஆனால், கொள்முதல் விலை ஏறியதால் கீரை விலையைக் கூட்டும் கடைக்காரரைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். செலவு கூடினால் விலை கூடலாம். வாங்குபவரின் தவிப்பு கூடினால் கூடக் கூடாது.

சென்னைக்கு இந்த விடை பாதிதான் பொருந்துகிறது. மழைநாளில் “மேல போட்டுக் குடுங்க” என்னும் ஆட்டோக்காரரும் நம் தவிப்பைத்தான் விலையாக்குகிறார். ஆனால் “தண்ணி நிக்குது சார், ரிட்டர்ன் சவாரி கிடைக்காது” என்று ஒரு காரணம் சொல்கிறார். அது பாதி பொய் என்பது இருவருக்கும் தெரியும். நாம் பத்தடி நடப்போம். அவர் கூப்பிட்டு இருபது ரூபாய் குறைப்பார். செயலியில் 140 என்று பார்த்த கட்டணம், குடையை மடக்கிவிட்டுத் திரும்பப் பார்ப்பதற்குள் 210 ஆகியிருக்கும். ஏன் என்று கேட்க அங்கே ஆளில்லை. வந்து நிற்கும் ஓட்டுநரைக் கேட்டால், “அது எனக்கு வராது சார்” என்கிறார். கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு ஓட்டுநருக்கு என்று அதே நெறிமுறைகள் சொன்னாலும், பயணியின் கண்ணுக்கு அந்தப் பங்கு தெரிவதில்லை.

பேரத்தைப் புகழ்வதல்ல என் நோக்கம். இரவில் தனியே நிற்கும் பெண்ணுக்கும் ஊருக்குப் புதியவருக்கும் அது தண்டனை. அதிலிருந்து தப்பத்தான் பலர் செயலிக்குப் போனார்கள். போன இடத்தில் பேரத்தின் ஏறுவிலை திரும்பி வந்தது. எதிர்த்துப் பேசும் வாய்ப்பு வரவில்லை. கோபத்தின் வேர் இதுவே என்பது என் வாதம்.

விலை ஏறினால்தான் வண்டிகள் வரும் என்பது பொருளியலாரின் மறுப்பு. தவறில்லை, வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது எத்தனை மடங்குக்கு எத்தனை வண்டி வரும் என்பது வேறு கேள்வி. 2014 டிசம்பர் 15 அன்று சிட்னி மார்ட்டின் பிளேஸில் துப்பாக்கிக்காரன் ஒருவன் மக்களைப் பிணைபிடித்தபோது, அங்கிருந்து வெளியேற முயன்றவர்களுக்கு ஊபர் கட்டணம் நான்கு மடங்காகி, குறைந்தபட்சம் 100 ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டது. ஓட்டுநர்களை அங்கே வரவழைக்கவே கட்டணம் உயர்ந்ததாக நிறுவனம் முதலில் விளக்கியது. பொருளியல் பாடநூல் சொல்வதும் அதையேதான். கண்டனம் வலுத்ததும் அன்றே சவாரிகளை இலவசமாக்கி, வாங்கிய பணத்தையும் திருப்பித் தர முன்வந்தது.

2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறைகள் உச்சவரம்பை ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்காக உயர்த்தியிருக்கின்றன.