ரபி லியோ பெக்: ஆசான் ஒருவர் தலைவரான வரலாறு

'ரபி' என்னும் எபிரேயச் சொல்லுக்கு 'என் ஆசான்' என்பது பொருள். பழங்காலத்தில் யூதரின் சமய வாழ்வு எருசலேம் ஆலயத்தையும், அங்கே பலி செலுத்திய ஆசாரியர் குலத்தையும் மையமாகக் கொண்டிருந்தது. கி.பி. 70-இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர். பலி நின்றது; ஆசாரியரின் பணியும் நின்றது. அதன்பின் நாடிழந்து சிதறிய அம்மக்களை ஒன்றாகக் கட்டிக் காத்தவர்கள் மறைநூலைக் கற்றுக் கற்பித்த ஆசான்களே ஆவர். ரபி என்பவர் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்பவர் அல்லர். மறையையும் சட்டத்தையும் ஐயந்திரிபறக் கற்று, தம் ஆசானிடம் தகுதி பெற்று, பிறருக்குக் கற்பிப்பவர். அப்பதவி குலத்தால் வருவதன்று, கல்வியால் வருவது.

கல்வியால் வந்த இத்தலைமை, எந்த நூலிலும் விடை காணவியலாத கொடிய வேளையில் எவ்வாறு நடந்துகொள்ளும்? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் ஜெர்மன் யூதரின் தலைவரான லியோ பெக்.

கற்ற காலம்

லியோ பெக் 1873 மே 23-ஆம் நாள் லிஸ்ஸா என்னும் ஊரில் பிறந்தார். அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்த அவ்வூர் இன்று லெஷ்னோ என்ற பெயரில் போலந்து நாட்டில் இருக்கிறது. கல்வியுலகம் போற்றும் கொமேனியஸ் பதினேழாம் நூற்றாண்டில் ஆசிரியப் பணி புரிந்ததும் இவ்வூரில்தான். அப்பெருமகனின் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளியிலேயே பெக் பயின்றார். அவர் தந்தை சாமுவேல் பெக்கும் ரபியே. யூதர் வரலாற்றை நூலாக எழுதியவர்.

அக்கால ஜெர்மனியில் ரபியாக விரும்புவோர் இரட்டைக் கல்வி பெறுவது வழக்கமாக இருந்தது. சமயக் கல்லூரியில் மறையும் சட்டமும் கற்கவேண்டும். பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெறவேண்டும். பெக் 1891-இல் பிரெஸ்லா நகரின் யூத இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். மரபை விடாது ஆராய்ச்சியையும் ஏற்ற கல்லூரி அது. பின்னர், சீர்திருத்த நோக்குடைய பெர்லின் யூதவியல் உயர்கல்லூரிக்கு மாறினார். மரபு, சீர்திருத்தம் என்ற இருபாலாரையும் பிற்காலத்தில் அவர் இணைத்து நடத்த இப்பயிற்சி பெரிதும் உதவிற்று எனலாம். பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் டில்தேயிடம் பயின்று, ஸ்பினோசாவைப் பற்றிய ஆய்வுக்காக 1895-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1897-இல் ரபியாகத் தகுதி வழங்கப்பெற்றார்.

பணியும் நூலும்

அவர் முதலில் பணியேற்ற ஊர் ஓப்பெல்ன். சியோனிய இயக்கம் தோன்றிய காலம் அது. யூதருக்குத் தனிநாடு கேட்கும் அவ்வியக்கத்தை ஜெர்மன் ரபிமார் சங்கம் கண்டித்தபோது, பெக் சியோனியராக இல்லாதிருந்தும், அக்கண்டனத்தில் சேர மறுத்தார். அவ்வாறு மறுத்தவர் மிகச் சிலரே.

1900-இல் கிறிஸ்துவ இறையியலறிஞர் ஹார்னாக், கிறிஸ்துவத்தின் சாரத்தை விளக்கி எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. யூத சமயத்தை அந்நூல் தாழ்த்திக் காட்டுவதாகக் கண்ட பெக் 1905-இல் 'யூத சமயத்தின் சாரம்' என்னும் நூலை வெளியிட்டார். சமயம் வெறும் நம்பிக்கையில் அன்று, அறச் செயலிலேயே விளங்குகிறது என்பது அந்நூலின் கருத்து. முப்பத்திரண்டு வயதில் ஓர் இளம் ரபி எழுதிய அந்நூல் அவரை நாடறியச் செய்தது. 1907-இல் டூசல்டார்ஃபுக்கும், 1912-இல் பெர்லினுக்கும் அழைக்கப்பட்டார். தாம் பயின்ற உயர்கல்லூரியிலேயே விரிவுரையாளரும் ஆனார். முதல் உலகப் போரில் படைவீரர்களுக்குச் சமயகுருவாகப் பணிபுரிந்தார். 1922-இல் ஜெர்மன் ரபிமார் சங்கத்திற்குத் தலைவரானார்.

சோதனைக் காலம்

1933-இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தபோது ஜெர்மனியில் ஏறத்தாழ 5 இலட்சம் யூதர் வாழ்ந்தனர். அதுவரை ஒன்றோடொன்று பிணங்கிக் கிடந்த யூத அமைப்புகள் அவ்வாண்டு செப்டம்பரில் ஒரே பேரவையாகக் கூடின. எல்லாரும் ஏற்கத்தக்க தலைவராக அவர்கள் கண்டவர் பெக் ஒருவரே. அரசுப் பள்ளிகளில் துன்புறுத்தப்பட்டு வெளியேறிய பிள்ளைகளுக்குப் பள்ளி, வேலையிழந்தோர்க்கு உதவி, வெளிநாடு செல்வோர்க்கு வழிகாட்டல் ஆகியவை பேரவையின் பணிகளாயின. 1935-இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தபின், ஜெப ஆலயங்கள் அனைத்திலும் ஓதுவதற்கென்று பெக் ஒரு பிரார்த்தனையை எழுதினார். இரகசியப் போலீசார் அதனைத் தடைசெய்து அவரைச் சிறையில் அடைத்தனர். சில நாட்களில் விடுவித்தனர்.

வெளிநாடுகளிலிருந்து அவருக்கு அழைப்புகள் வந்தன. 1939-இல் யூதக் குழந்தைகளை இங்கிலாந்தில் சேர்ப்பித்தவர் தாம் அங்கே தங்காமல் திரும்பிவிட்டார். யூதரின் கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஜெர்மனியில் அப்பத்துப் பேர் எஞ்சியிருக்கும் வரை தம் இடம் அங்கேயே என்பது அவர் கொண்ட உறுதி. உயர்கல்லூரியை அரசு 1942-இல் மூடும்வரை, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்தினார்.

1943 சனவரி 27-ஆம் நாள் விடியுமுன் போலீசார் வந்தனர். லண்டனிலிருந்த மகளுக்குக் கடிதம் எழுதவும், வீட்டின் எரிவாயு, மின்சாரக் கட்டணங்களை அஞ்சல் வழியே செலுத்தவும் சிறிது நேரம் கேட்டுப் பெற்றார். பின்னர் அவர்களோடு சென்றார்.

தெரேசியன்ஷ்டாட்

பிராக் நகருக்கு அருகிலுள்ள தெரேசியன்ஷ்டாட் முகாமில் அவர் அடைக்கப்பட்டார். அங்கே அனுப்பப்பட்டவர் ஏறத்தாழ 1,40,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர்; ஏறத்தாழ 88,000 பேர் கிழக்கே கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டனர். பெக்கின் உடன்பிறந்த சகோதரிகளும் அம்முகாமிலேயே இறந்தனர். எழுபதை எட்டிய அம்முதியவர் குப்பை வண்டி இழுத்தார். மாலையில் இருளடைந்த கொட்டடியில் பிளேட்டோவைப் பற்றியும் கான்ட்டைப் பற்றியும் விரிவுரை ஆற்றினார். நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்று கேட்டனர். 1944 சூன் 15-ஆம் நாள் அவர் பேசிய பொருள் 'வரலாறு எழுதுதல்' என்பது. அவ்வுரை இன்றும் கிடைக்கிறது.

1943 ஆகஸ்டில் கைதி ஒருவர் அவரிடம் வந்து, கிழக்கே அனுப்பப்படுவோர் ஆஷ்விட்ஸில் நச்சுவாயுவால் கொல்லப்படுகின்றனர் என்ற செய்தியைக் கூறினார். பெக் அதனை எவரிடமும் சொல்லவில்லை. வாயுவால் சாவோம் என்று எதிர்நோக்கி வாழ்வது மேலும் கொடிது. உழைப்புக்கென்று தெரிந்தெடுக்கப்படுவோரும் உண்டாதலால் சாவு எல்லார்க்கும் உறுதியன்று. இவையே அவர் பின்னாளில் சொன்ன காரணங்கள்.

இம்முடிவு பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அறிஞர் ஹன்னா அரெண்ட் 1963-இல் எழுதிய நூலில் இதனைக் கடுமையாகச் சாடினார். உண்மை தெரிந்திருந்தால் சிலரேனும் ஒளிந்திருப்பர், சிலரேனும் எதிர்த்திருப்பர் என்பது சாடுவோர் வாதம். தப்ப வழியற்ற முதியோரிடமும் தாய்மாரிடமும் அச்செய்தியைச் சொல்லி யாது பயன் என்பது ஆதரிப்போர் வாதம். இரண்டையும் எளிதில் தள்ளிவிட இயலாது. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர், தாம் அறிந்த ஒன்றைக் கற்பிக்காது விட்டார் என்பது மெய். ஆயின் அதனை உலகறியச் செய்தவரும் அவரே. போருக்குப்பின் யாரும் வற்புறுத்தாமலே தம் மௌனத்தைத் தம் வாயாலேயே அவர் கூறினார். அது 1949-இல் அச்சேறியது. தம் செயலின் மீது தீர்ப்பளிக்கும் உரிமையைப் பின்வந்தோர் கையில் அவர் ஒப்படைத்துவிட்டார்.

எஞ்சியது

1945 மே மாதம் முகாம் விடுதலை பெற்றது. நச்சுக்காய்ச்சல் பரவியிருந்ததால் நோயாளிகளை விட்டு உடனே புறப்பட மறுத்த பெக், சூலையில்தான் லண்டனில் மகளிடம் சேர்ந்தார். முகாமிலும் எழுதிவந்த 'இந்த இஸ்ரயேல் மக்கள்' என்னும் நூலின் முதற்பகுதி 1955-இல் வெளிவந்தது. 1956 நவம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். ஜெர்மன் யூதரின் வரலாற்றை ஆராய 1955-இல் எருசலேம், லண்டன், நியூயார்க் ஆகிய மூன்று நகரங்களில் அமைந்த நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. லண்டனில் ரபிகளைப் பயிற்றும் கல்லூரிக்கும் அவர் பெயரே. மூடப்பட்ட பெர்லின் கல்லூரியின் பணி அவ்வாறு வேறோர் ஊரில் தொடர்கிறது.