சிவப்பு மருந்து: எதைப் பொறுத்துக்கொள்வது, எதை உடனே சொல்வது?

மார்பகப் புற்றுநோய்க்கும், நிணநீர்ப் புற்றுக்கும், சில வகை இரத்தப் புற்றுநோய்க்கும் டிரிப்ஸ் வழியாக ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். அட்ரியாமைசின் என்ற பெயரும் இதற்கு உண்டு. செக்கச் செவேலென்று இருப்பதால் பலரும் சிவப்பு மருந்து என்றே சொல்கிறார்கள். இத்தாலியில் ஒரு பழைய கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரைக் கொண்டு தொடங்கிய ஆய்வில் இது உருவானது. பக்கத்திலிருக்கும் அட்ரியாட்டிக் கடலின் பெயரையே இதற்கு வைத்தார்கள். அமெரிக்காவில் 1974-ல் அனுமதி கிடைத்தது. நிவாரணம் இல்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். காலடி மண்ணிலும் அது இருந்திருக்கிறது, சுப்ஹானல்லாஹ்.

வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்து தாக்குகிறது. புற்றுச் செல்கள் அப்படிப் பெருகுபவை. முடியின் வேரும், வாயின் உட்புறத் தோலும், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவைதாம். பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே வருகின்றன.

முதல் நாளே வீட்டாரைப் பதற வைப்பது சிறுநீரின் நிறம். மருந்து ஏறிய பிறகு ஓரிரு நாட்கள் சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ போகும். அது இரத்தம் அல்ல, மருந்தின் சாயம். ஹைளு என்று எண்ணித் தொழுகையை விட்டுவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள், விட வேண்டியதில்லை. வழக்கம்போல் சுத்தம் செய்து, உளூ செய்து தொழலாம். இரண்டு நாட்களுக்குப் பிறகும் சிவப்பு நீடித்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த நாட்களில் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும் என்பதால், துடைத்துத் துவைப்பவர்கள் கையுறை அணிவது அவசியம். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

குமட்டலுக்கு முன்கூட்டியே மாத்திரை தருகிறார்கள். வாந்தி வரும்வரை காத்திராமல் சொன்ன நேரத்தில் போட வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப முளைக்கும். வாய்ப்புண் வந்தால் மிஸ்வாக்கின் கடினமான நார் ஈறைக் கிழித்துவிடும். அந்த நாட்களில் மென்மையான பிரஷ் போதும். வாயைச் சுத்தமாக வைப்பதுதானே நோக்கம்.

இவையெல்லாம் பொறுத்துக் கடக்கக் கூடியவை. பொறுக்கக் கூடாதவை வேறு.

மருந்து ஏறும்போதே ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ தெரிந்தால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிட வேண்டும். இந்த மருந்து இரத்த நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையையே அழுகச் செய்துவிடும். ‘ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும்’ என்று நம் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். போதாததற்குப் புர்காவின் கை அந்த இடத்தை மூடியிருக்கும், வீக்கம் யார் கண்ணிலும் படாது. மருந்து ஏறி முடியும்வரை அந்த இடம் நர்ஸின் பார்வையில் இருக்கட்டும். சிகிச்சைக்காக அவசியமான அளவு திறப்பதை மார்க்கம் தடுக்கவில்லை.

அடுத்தது காய்ச்சல். மருந்து ஏறிய பத்தாவது நாள் முதல் பதினான்காவது நாள் வரையில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். 21-ஆம் நாள் வாக்கில் பெரும்பாலும் மீண்டுவிடும். இடைப்பட்ட நாட்களில் உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. கஷாயம், ஓதிப் பார்த்த தண்ணீர், ஒரு பாரசிட்டமால் என்று விடியும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. நடுநிசியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். துஆவை வழியில் வண்டியில் கேட்கலாம். நோய் விசாரிக்கப் போவது ஸுன்னத்துதான். ஆனால் சளி இருமலோடு போய் முஸாபஹா செய்வதைவிட ஃபோனில் ஸலாம் சொல்வது அந்த வாரங்களில் மேல்.

‘வலியைச் சொன்னால் ஸப்ர் போய்விடுமே’ என்று கேட்கும் உம்மாக்கள் உண்டு. அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை ரப்பிடம் சொல்லி முறையிட்டார்கள். அதன் பிறகும் அல்லாஹ் அவர்களைப் பொறுமையாளர் என்றே குர்ஆனில் புகழ்கிறான். மருத்துவரிடம் சொல்வதும் ஸப்ருக்கு முரண் அல்ல.

நாமறியாமல் நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் தலையில் கல்லடி பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்தார், இறந்துபோனார். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். ரமளானில் நோன்பை விடவைத்தால் பாவம் என்று பயமுறுத்துவோரும், கீமோவை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகம் மட்டும் சாப்பிடச் சொல்வோரும் இதைப் படிக்க வேண்டும். நோயாளி நோன்பை வேறு நாட்களில் வைக்க குர்ஆனே அனுமதிக்கிறது. கருஞ்சீரகமோ வேறு நாட்டு மருந்தோ எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும்.

கடைசியாக இதயம். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடும். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படலாம். அதனால்தான் தொடங்கும் முன் எக்கோ எடுக்கிறார்கள். வாழ்நாளில் மொத்தம் ஏற்றக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு: உடலின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம். மார்பகப் புற்றுக்கு வழக்கமாகத் தரும் நான்கு தவணையில், தவணைக்கு 60 வீதம், 240 சேர்ந்துவிடும். நோய் திரும்பினால் மீதி எவ்வளவு தரலாம் என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, மல்லாந்து படுக்க முடியாமல் போவது, கால் வீக்கம் ஆகியவை தெரிந்தால், சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், இந்த மருந்து ஏறியதைச் சொல்லிக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரே ஃபைலில் வையுங்கள். ஊர் மாறினாலும், மருத்துவமனை மாறினாலும் அந்த ஃபைல் கூடவே போகட்டும்.