பரங்கிமலையில் தொடங்கிய நேர்கோடு

திருமழிசையில் பெங்களூர் சாலை ஓரமாக நிற்கும் யாரைக் கேட்டாலும் பெங்களூர் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார்கள். அது சாலைத் தூரம். நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன் நான்; எனக்கு நேர்த்தூரத்தின் மேல்தான் மதிப்பு. ஏரிக்கரையும் மலையும் மறிக்காத அந்தக் கோட்டை ஒட்டித்தான் விமானம் பறக்கிறது. சென்னையிலிருந்து மங்களூருக்கு அந்தக் கணக்கில் சுமார் 585 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

1800 வாக்கில் இந்தத் தூரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. கரைக்குக் கரை 400 மைல் என்றன வரைபடங்கள். சர்வேயர் வில்லியம் லாம்டன் அளந்து பார்த்தபோது 360 மைல்தான் தேறியது. மீதி 40 மைல் காகிதத்தில் மட்டுமே இருந்த நிலம்!

அந்த வேலை நம் பரங்கிமலை அடிவாரத்தில் 1802 ஏப்ரலில் தொடங்கியது. அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கத்துக் குன்றுவரை ஏழரை மைல் அடிக்கோடு. 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை நீட்டி வைக்க வேண்டும். வெயில் ஏறினால் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் படித்தார்கள். சித்திரை வெயிலில் வயல்வெளியில் சங்கிலி பிடித்தவர்களோடு நானும் நின்றிருக்கிறேன். பத்து மணிக்கு மேல் அதன் வளையத்தைத் தொட முடியாது. அந்த வெயிலில் அங்குலத்தையும் விடாமல் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஒரு கோட்டின் நீளம் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கோணம். குன்றுக்குக் குன்று பார்த்து முக்கோணங்களை மேற்கே அடுக்கிக்கொண்டே போகலாம். கோணம் பார்க்கும் தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து, கருவியை மொரீஷியஸில் இறக்கி, பிறகு மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். 1808இல் தஞ்சாவூரில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமானது. லாம்டனே உட்கார்ந்து சரிசெய்தார். அதற்கு முன்பே, 1804இல், கணக்கு சரிதானா என்று பெங்களூரில் இன்னொரு அடிக்கோடு அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் வழியே வந்த நீளத்துக்கும் தரையில் அளந்ததற்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை.

இதே வேலை ஆப்பிரிக்காவுக்கும் தேவைப்பட்டது. லாம்டனின் உதவியாளர் எவரெஸ்ட் 1820இல் உடல்நலம் தேறக் கேப் டவுன் போனார். அங்கே பிரெஞ்சு வானியலாளர் லக்காயி 1752இல் செய்த அளவீட்டில் பிழை வந்ததற்கு, தூக்குக்குண்டை மலைகள் தம் பக்கம் இழுத்ததே காரணம் என்று எடுத்துக்காட்டினார். பின்னால் வானியலாளர் டேவிட் கில், தெற்கிலிருந்து கெய்ரோ வரை 30 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி முக்கோணச் சங்கிலி வேண்டும் என்று 1879இல் திட்டம் சொன்னார். 1954இல்தான் அது முழுமையாக இணைந்தது. நைரோபிக்கும் அடிஸ் அபாபாவுக்கும் நடுவே சுமார் 1,160 கிலோமீட்டர், விமானத்தில் இரண்டு மணி நேரம் என்று இன்று செயற்கைக்கோள் உதவியோடு நொடியில் சொல்லிவிடுகிறோம். அன்று கண்டம் கண்டமாக ஆட்கள் நடந்து அளந்தார்கள்.

லாம்டன் 1823இல், வேலை முடியாமலே, ஹிங்கன்காட்டில் இறந்தார். பரங்கிமலை உச்சியில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. பெட்டி சுமந்தவர்கள், சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள் ஆகியோருக்கும் அதே மலையில் ஒரு கல் வைக்க வேண்டும். செயின்மேன் இல்லாமல் எந்த சர்வேயரும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.