ஸ்காரா பிரே

ஸ்காட்லாந்தின் வடபாலுள்ள ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில், மெயின்லாந்து என்னும் பெருந்தீவின் மேற்குக் கரையில் ஸ்கேல் விரிகுடாவை அடுத்துள்ள புதிய கற்காலக் கிராமம். ஏறத்தாழக் கி.மு. 3180 முதல் 2500 வரை ஜனங்கள் வசித்து, பின்னர் மணலால் மூடுண்டு கிடந்த இவ்வூர், 1850ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வீசிய பெரும்புயலொன்று கரைமேட்டைப் பெயர்த்ததனால் மீண்டும் வெளிப்பட்டது. 1928 முதல் 1930 வரை தொல்லியலறிஞர் கார்டன் சைல்டு இங்கு அகழ்வாராய்ச்சி நடத்தினார்.

மரம் அரிதான அத்தீவில், பலகைபோலப் பிளவுபடும் பாறையே சகல சாதனங்களுக்கும் உபயோகப்பட்டமையால், வீடுகளின் நடுவே சதுரமான அடுப்பும், இருபுறமும் கற்கட்டில்களும், வாயிலுக்கு நேரெதிரே அடுக்குத் தட்டுகளும் ஐயாயிரம் ஆண்டுகளாக இருந்த இடத்திலேயே நிற்கின்றன. எட்டு வீடுகளுள் பெரும்பாலானவை குப்பைமேட்டில் புதைத்துக் கட்டப்பட்டவை; அவற்றைக் குறுகிய நடைவழிகள் இணைக்கின்றன. கழிவுநீர்க் கால்வாய்களும் உண்டு. அரண்மனைகளைக் காட்டிலும் ஆதிமனிதனின் இல்வாழ்க்கையை அறிய இத்தகைய ஊரே சிறந்த பிரமாணம் என்பதில் ஐயமில்லை.

யுனெஸ்கோ 1999இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. வீடுகளுக்குள் இறங்க அனுமதியில்லை. யாத்திரிகர்கள் மேற்புறப் பாதையில் நடந்தவாறே அவற்றை நோக்கலாம். உட்புறத்தை நேரிற் காண விரும்புவோர், அருகில் அமைக்கப்பட்டுள்ள மாதிரி வீட்டினுள் முதலில் புகுந்து வருதல் நன்று.