விமான நிலையத்து அபாய மணி

அவசரகாலம் என்றதும் பேராக் தோட்டப்புறத்து முதியோருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலச் சட்டம் 1960 வரை நீடித்தது. நாம் இங்கே சொல்லப்போவது சில நிமிடங்களே நீடிக்கும் அவசரத்தைப் பற்றி. ஈப்போ சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் முதலாகப் பயணிகள் விமானம் இறங்கும் நிலையங்களில் எல்லாம் அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு.

1944-இல் சிகாகோ நகரில் பல நாடுகள் கூடி விமானப் போக்குவரத்துக்கு ஓர் உடன்படிக்கை செய்தன. அப்போது மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்தது. நம்மவர் பலர் சயாம் ரயில்பாதையில் மடிந்த காலம் அது. அந்த உடன்படிக்கையின் பதினான்காம் இணைப்பு 1951-இல் ஏற்கப்பட்டது. விமான நிலையங்களுக்கான விதிகள் அதில்தான் வளர்ந்தன.

அபாயத்தை அவ்விதிகள் மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. வரும் விமானத்தில் சிறு கோளாறு, ஆனால் பத்திரமாக இறங்கிவிடும் என்றால் அது ஆயத்த நிலை. தீயணைப்பு வண்டிகள் புறப்படத் தயாராக நிற்கும். விபத்து நேரக்கூடும் என்ற அளவுக்குத் தொல்லை என்றால் முழு அவசர நிலை. அப்போது வண்டிகள் ஓடுபாதை ஓரம் போய் நிற்கும். ஊர்த் தீயணைப்புப் படை, போலீஸ், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் செய்தி பறக்கும். மூன்றாவது, விபத்தே நடந்துவிட்ட நிலை.

எல்லாவற்றுக்கும் ஒரே மணி அடித்தால் என்ன என்று கேட்கலாம். பெரட்டு மணியும் லயத்தில் தீப்பிடித்த மணியும் ஒன்றாகவே ஒலித்தால், யார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? முழு அவசர நிலை அறிவித்து, விமானம் சுகமாக இறங்கிவிட்டால், வீண் ஆரவாரம் என்று முணுமுணுப்போரும் உண்டு. நமக்கு அது வீணாகத் தோன்றவில்லை. எரிபொருள் பற்றி எரிந்தால் அலுமினியத் தகடு ஓரிரு நிமிடத்தில் உருகிவிடும். அதனால்தான் ஓடுபாதையின் எந்த முனைக்கும் மூன்று நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது விதி.

வேலிக்கு வெளியே விழுந்தால்? 1977 செப்டம்பர் 27-இல் சுபாங் விமான நிலையத்தில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 விமானம், சில மைல் தள்ளி எல்மினா ரப்பர் தோட்டத்துக் குன்றில் மோதியது. ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படும் முன்பே அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டது. 79 பேரில் 34 பேர் மாண்டார்கள். 45 பேர் பிழைத்தார்கள். முதல் இரண்டு படிகளுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. மூன்று நிமிடக் கணக்கும் பால்மரக் காட்டில் செல்லாது. மண்சாலை எது, பாலம் எங்கே, எந்த வழியே வண்டி ஏறும் என்பதெல்லாம் அந்தத் தோட்டத்தில் நடப்பவருக்கே தெரியும்.

இதற்காகவே விமான நிலையத்தின் அண்டை அயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரைபடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன. வரைபடமும் கூடவே மாற வேண்டும். அதே எல்மினா இன்று நகரம். 2023 ஆகஸ்ட் 17-இல் லங்காவியிலிருந்து வந்த சிறிய விமானம் ஒன்று அங்கே சாலையில் விழுந்தது. விமானத்தில் இருந்த எட்டுப் பேரோடு, வண்டியில் போய்க்கொண்டிருந்த இருவரும் இறந்தார்கள்.

முழு அளவிலான ஒத்திகையை இரண்டு ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் நடத்த வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அன்று சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு சிலர் காயம்பட்டவர்போல் புல்தரையில் படுத்திருப்பார்கள். தாதியர் அவர்களைத் தரம் பிரித்து, யாரை முதலில் ஏற்றுவது என்று அட்டை கட்டுவார்கள்.