எம். புதுப்பட்டி

விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டாரத்திலுள்ள கிராமம். புதிதாகக் குடியேறிய பட்டி என்பது பெயரின் நேர்ப்பொருள். தென்மாவட்டங்களில் புதுப்பட்டிகள் ஏராளம் என்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முன்னெழுத்து ஒட்டிக்கொண்டது. இதே மாவட்டத்தின் டபிள்யூ. புதுப்பட்டிக்கு அந்த எழுத்து வந்தது வத்திராயிருப்பை ஆங்கிலத்தில் எழுதும் முறையிலிருந்து.

வட்டாரம் முழுவதும் மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழை கைகொடுத்துக் கண்மாய் பெருகினால் நெல். இல்லையேல் சோளம், கம்பு, பருத்தி, மக்காச்சோளம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து வைப்பாற்றில் சேரும் அர்ச்சுனா நதி ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். தரிசெங்கும் சீமைக்கருவேலம்.

1910 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பிறகு இராமநாதபுரம், 1985 மார்ச் 15 முதல் காமராஜர் மாவட்டம், அதுவே இன்றைய விருதுநகர் மாவட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1899 ஜூன் மாதத்துச் சிவகாசிக் கலவரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஏடுகள் விரிவாகப் பேசுவது தீக்குச்சி வந்த பிறகுதான். சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். முதல் ஆலை தொடங்கிய ஆண்டு 1922 என்பாரும் 1923 என்பாரும் உண்டு. எந்திரத்தில் தொடங்கிய வேலை விரைவிலேயே கைத்தொழிலாக மாறியது; அதனால்தான் அது ஊர் ஊராகப் பரவ முடிந்தது. குச்சி அடுக்கும் சட்டங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தன. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிம முறையை வகுத்ததும் பட்டாசுக்கு வழி திறந்தன. தொழில் இங்கே வேரூன்றியதற்கு வறண்ட காற்றே காரணம் என்பது வழக்கமான விளக்கம். மழை பொய்த்த காட்டில் வேறு கூலி கிடைக்காததே காரணம் என்பது மற்றொரு கருத்து. இரண்டுக்கும் இடமுண்டு.

ஆலை என்றதும் நினைவுக்கு வரும் புகைபோக்கி இங்கே கிடையாது. பொட்டல் காட்டில் இடைவெளி விட்டுக் கட்டிய சிற்றறைகள், அறைக்குச் சிலர் மட்டும், ஓடித் தப்பப் பல வாசல்கள். உரிமம் யார் கொடுத்தது என்பதை வைத்தே ஆலையை அடையாளம் சொல்வார்கள்: ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ்’. மருந்து கலப்பவரின் கைகால்கள் அலுமினியப் பொடி பட்டு வெள்ளி பூசியதுபோல் மினுங்கும். கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் தானே சூடேறும். சரம் பின்னுவது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. தரையில் அமர்ந்து, சின்ன வெடிகளின் திரிகளை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்து நூலால் இறுக்கிக்கொண்டே போவார்கள். கண் பார்ப்பதற்குள் அந்தக் கை அடுத்த வெடிக்குப் போயிருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கில் வராத ஒரு போக்குவரத்து இங்கே உண்டு. விடிந்ததும் ஆலை வேன்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து மாலையில் திருப்பிக் கொண்டுபோய் விடுகின்றன. ஒரு காலத்தில் அவற்றில் சிறுவர்களும் இருந்தார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்தது. சரம் பின்னியவர்களுக்கு அது நேரடி அடி.

2023 அக்டோபர் 17 அன்று, தீபாவளி நெருங்கிய நேரத்தில், எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 13 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பெண்கள். இதுவும் வெளியூர்ச் செய்திகளில் ‘சிவகாசி விபத்து’ என்றே வந்தது. இறந்தவர்கள் நகரத்தில் இறக்கவில்லை. இத்தகைய விபத்துகளைப் பதிவு செய்வோர் கிராமத்தின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.