கடையை மூடினோம், கதவைத் திறந்தோமா?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க பெரியப்பா.

அவர் குடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் வீட்டில் எல்லாரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "மனசு வெச்சா விட்டுடலாம்." ஒரு தீபாவளிக்கு மறுநாள் அவரும் மனசு வைத்தார். ஒரேயடியாக நிறுத்தினார். ரெண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

இது ஏன் நம்ம யாருக்குமே தெரியல? அந்தக் கேள்வியோடுதான் வரலாற்றைத் தேடினேன்.

1937ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971ல் கடைகள் திறந்தன, 1974ல் மூடின, 1981ல் மறுபடி திறந்தன. 1983ல் டாஸ்மாக் வந்தது. நம்ம ஊர் சண்டை எல்லாமே கடையைப் பற்றித்தான். ஏற்கெனவே குடியில் மாட்டிக்கொண்டவரை எங்கே கூட்டிப் போவது?

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனாலும் 1979ல் அவருடைய கணவர் ரங்கநாதன் இளவயதிலேயே குடிநோயால் இறந்தார். அடுத்த வருஷமே, 1980ல், கணவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அமைப்பைத் தொடங்கினார் சாந்தி. அங்கே குடி ஒரு நோய். முதலில் மருத்துவர் கண்காணிப்பில் உடம்பைத் தேற்றுவார்கள், அப்புறம் வாரக்கணக்கில் கவுன்சலிங். கூட இருப்பவர்களும் நொறுங்கிப் போயிருப்பார்கள் என்பதால் குடும்பத்துக்கும் தனி சிகிச்சை. பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டார்கள். 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெரியப்பா பிறகு ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தார். முதல் நாள் அங்கிருந்த கவுன்சலர் பெரியம்மாவிடம், "நீங்க எப்படிம்மா இருக்கீங்க? தூங்குறீங்களா?" என்று கேட்டார். பெரியம்மா அழுதுவிட்டார். அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

உங்க வீட்டில் யாராவது நிறுத்த நினைத்தால், தனியாக விடாதீங்க. முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்க. நீங்களும் கூடவே உள்ளே போங்க.